முதல் வரியில் ஒரு சுழி

பழனிசெட்டிபட்டியில் காலை நடைக்கு வருகிறவர்களிடையே என்னைப் பற்றி ஒரு செய்தி உலவுகிறது. ஆறு ஆண்டுகள் வீட்டில் இருந்த என் மருமகளுக்கு மீண்டும் வேலை கிடைத்ததற்கு நானே காரணம் என்பது அச்செய்தி. நான் கல்லூரியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன். அங்கே கணினி வகுப்பைத் தொடங்கி வைத்தவன். ஆகவே கேட்டவர்கள் ஐயமின்றி நம்பினார்கள். செய்தியை முதலில் பரப்பியவனும் நானே. அது பிழை. பிழையைக் கண்ட பின் திருத்தாமல் விடுவது என் வழக்கமன்று. நேரில் திருத்த முயன்று தோற்றதால் எழுத்தில் திருத்துகிறேன்.

என் மருமகள் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். பொறியியல் படித்து, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வலக்கையும் வலக்காலும் அவள் சொல்லைக் கேட்கவில்லை. மகனும் மருமகளும் சென்னையை விட்டு வந்தார்கள். மகன் போடியில் ஏலக்காய் வியாபாரத்தில் சேர்ந்து, வாரத்தில் பாதி நாள் மலையில் இருந்தான். மருமகள் வீட்டில் இருந்தாள். வேலையை விட்டுவிட்டு வா என்று நான் அவளிடம் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சென்ற ஆண்டு அவள் மீண்டும் வேலைக்கு விண்ணப்பித்து வந்தது எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. இடைவெளி நீண்டுவிட்டது என்றே பல இடங்களிலிருந்து பதில் வந்ததாம். ஒரு நிறுவனம் மட்டும், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை, முதலில் ஒரு சிறு நிரலை எழுதிக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தது. பேருந்துகள் நிலையத்துக்கு வந்து சேர்ந்த நேரங்கள் ஒரு கோப்பில் இருக்கும். அதைப் படித்து, எந்தத் தடத்தில் எவ்வளவு தாமதம் என்று தொகுத்துச் சொல்ல வேண்டும். ஸ்காலா என்னும் மொழியில் எழுத வேண்டும். வியாழக்கிழமை நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். சென்னையில் அவள் அன்றாடம் எழுதிய மொழி அது. ஆறு ஆண்டுகளாக அவள் கை அதைத் தொடவில்லை. இதுவும் போனால் இனி எங்கும் கேட்பதில்லை என்று அவள் என் மனைவியிடம் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் இதை என்னிடம் சொன்னாள். அடுப்படி வாசலில் நின்றபடியே சொன்னாள். என் எதிரில் உட்கார்ந்து பேசுவது அவளுக்குப் பழக்கமில்லை. உட்கார் என்று நானும் சொன்னதில்லை.

“நாளைக்குக் காலையில அத்தைய பிசியோவுக்குக் கூட்டிட்டுப் போகணும் மாமா. புதன்கிழமை பூரா கரண்டு இருக்காதாம். லேப்டாப்பும் புதுசு, அதுல ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் மொதல்லருந்து ஏத்தணும். அதான் எப்பிடின்னு யோசிக்கிறேன்.”

“நீ அத்தைய கூட்டிட்டுப் போம்மா. ஏத்தி வைக்கிறத நான் பாத்துக்கிறேன்.”

“இல்ல மாமா, வந்து நானே…”

“நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல.”

கூடத்தில் நாற்காலியில் இருந்த என் மனைவி எங்களைப் பார்க்காமலே பேசினாள். அவள் கூடலூர்க்காரி, எந்தச் சொல்லையும் வாயில் வைத்திருந்து பழக்கமில்லாதவள்.

“பாத்துக்கிருவாக, பாத்துக்கிருவாக. மிக்சி வாங்குன அன்னைக்கும் இவுகதான் பாத்துக்கிட்டாக. மறுநாளு கடைக்காரரு வந்து பாத்துட்டுப் போனாரு.”

நான் கடைசியாக ஒரு நிரல் எழுதிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஸ்காலாவின் பெயரை மட்டும் அறிவேன். ஆயினும் தெரியாது என்ற சொல்லை அந்த வீட்டில் நான் உச்சரித்ததில்லை. அதை அன்று தொடங்குவதற்கும் மனம் வரவில்லை.

திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். அதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை உண்டென்று சொல்ல மாட்டேன்; ஒன்பதேகாலுக்குத் தொடங்கினேன் என்று மட்டும் சொல்கிறேன். மருமகள் அத்தையைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தேனிக்குப் போயிருந்தாள். இணைய இணைப்பு என் அறையில்தான் இருக்கிறது. மேசை மீதிருந்த புத்தகங்களை ஒதுக்கி, மடிக்கணினியை வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

நிரல் எழுதுவதற்கும், அதில் பிழை பார்ப்பதற்கும், ஓட்டுவதற்கும் இப்போது எல்லாம் ஒரே மென்பொருளில் அமைந்துவிட்டன. அதை இறக்கி நிறுவினேன். ஸ்காலாவுக்கென்று அதனுள் தனியே ஓர் இணைப்பைச் சேர்க்க வேண்டும், சேர்த்தேன். அடியில் ஜாவா என்னும் இன்னொரு மென்பொருள் இருக்க வேண்டும் என்றது. பட்டியலில் எது மிகப் புதியதோ அதையே தேர்ந்தெடுத்தேன். புதிய திட்டம் என்ற பொத்தானை அழுத்திப் பெயர் கொடுத்தவுடன், நிரல்களுக்கு ஓர் அடைவு, சோதனைகளுக்கு ஓர் அடைவு, எல்லாவற்றுக்கும் தலைமையாக ஒரு பில்ட் கோப்பு என வரிசையாக வந்து நின்றன. எந்த ஸ்காலா, எந்தெந்த ஆயத்த நிரல் தொகுப்புகள் வேண்டும் என்பதை அந்த பில்ட் கோப்பில்தான் எழுத வேண்டும். அதைக் கம்பைலர், அதாவது நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் பகுதி, படித்த பின்தான் மற்றவை இறங்கும். திரையின் அடியில் ஒரு கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தேவையானவை இறங்குவதற்கு நேரமாகும் என்று புரிந்தது.

அந்தக் காத்திருப்பில்தான் நான் அதைச் செய்தேன்.

மாணவனாக மதுரையில் நிரல் எழுதியபோது, அதை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்போம். இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஆகவே முதலில் தாளில் பிள்ளையார் சுழி இட்டு, அதன் கீழ் நிரலை எழுதிப் பார்த்து, பிறகே அட்டைக்குக் கொண்டு போவேன். நிரல் உள்ளே போகும். சுழி தாளிலேயே தங்கிவிடும். ஆசிரியனான பிறகும் அப்படித்தான். வினாத்தாளின் கைப்பிரதியிலும் கரும்பலகையின் மேல் நடுவிலும் சிறிதாக ஓர் ‘உ’ இல்லாமல் நான் எதையும் எழுதத் தொடங்கியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் கணினியில் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றேன். எனவே அன்று, என் வாழ்நாளில் முதன்முறையாக, சுழியை நிரலுக்குள்ளேயே இட முடியும் என்று தோன்றியது. வேலை அவளுடையது. அது அவளுக்கு அமைய வேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை அவளிடம் சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை. பில்ட் கோப்பைத் திறந்து, முதல் வரிக்கு மேல் இடம் விட்டு, ‘உ’ இட்டுச் சேமித்தேன். எழுத்து செந்நிறத்தில் நின்றது. மங்கலமாகவே எனக்குப் பட்டது.

சற்று நேரத்தில் திரையின் கீழ்ப்பகுதி முழுவதும் செந்நிறமாயிற்று. நீண்ட ஆங்கில வரிகள். அவற்றின் நடுவே ஒரு வாக்கியம், இன்ன பெயருடைய மதிப்பைக் காணவில்லை என்றது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. எதைக் காணவில்லை என்பது இயந்திரத்துக்கே தெரியவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டேன். தமிழ் எழுத்தைக் காட்டத் தெரியாத இடங்களில் கணினி கேள்விக்குறியைப் போடும் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. ஜாவா மிகப் புதியதாக இருப்பதுதான் குறை என்று முடிவு செய்து, அதை நீக்கி, பழையதொன்றை நிறுவினேன். மீண்டும் அதே கேள்விக்குறி. மூன்றாம் முறை முயன்றுகொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மடிக்கணினியை மூடினேன்.

“முடிஞ்சிருச்சா மாமா?”

“எல்லாம் ஏத்தியாச்சு. சும்மா ஒருக்கா திறந்து பாத்துக்க.”

நான் சொன்ன பொய்யை இதைவிட மென்மையாக எழுத முடியவில்லை.

பிற்பகலில், அத்தைக்குச் சோறூட்டிப் படுக்க வைத்துவிட்டு அவள் என் அறைக்கு வந்தாள். நான் சாய்வு நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தேன். அவள் திரையைத் திறந்தாள். முதுகு அசையாமல் இருந்தது. பிறகு ஒரே விசையை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டும் ஒலி கேட்டது. அவ்வளவுதான். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பாமலே கேட்டாள்.

“ஜாவா பழசு போட்டிருக்கீங்களா மாமா?”

“மொதல்ல புதுசு போட்டேன். சரிப்படல. மாத்திட்டேன்.”

“அதான் சரி. புதுசு சிலதுக்கு ஒத்துக்கிடாது. நல்லவேளை மாத்துனீங்க.”

எழுந்து போய்ப் பார்த்தேன். செந்நிறம் எங்கும் இல்லை. சிறு பச்சைக் குறி ஒன்று நின்றது. கோப்பைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. ஜாவாவை மாற்றியதே தீர்வு, ஒருமுறை மூடித் திறக்க வேண்டியிருந்தது, அவ்வளவே என்று முழுமனத்தோடு நம்பினேன். மறுநாள் காலை நடையில், பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பும் வரை, ஜாவாவின் பதிப்புகள் குறித்து நண்பர்களுக்கு விளக்கினேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் நின்று கைகொடுத்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“ஊரு பூரா சொல்லியாச்சாக்கும்?”

“கேட்டாங்க, சொன்னேன்.”

“நல்லது, நல்லது,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது எதனால் என்று நான் ஆராயவில்லை.

செவ்வாய் முழுவதும் மருமகள் எழுதினாள். இடையிடையே எழுந்து குக்கரை இறக்கினாள், அத்தைக்கு மாத்திரை கொடுத்தாள், மீண்டும் வந்து உட்கார்ந்தாள். ஆறு ஆண்டுகளில் மறந்தவை பல. ஒரு வரியை எழுதி, அழித்து, வேறு விதமாக எழுதி, உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பாள். ஒருமுறை, “அய்யோ, இது இவ்வளவுதானா!” என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து இந்த வீட்டில் நான் கேட்டதில்லை.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு; மாலை ஐந்துக்குத்தான் வரும். வீட்டில் இருந்த இன்வெர்ட்டர் பழையது. இணைய இணைப்பும் மடிக்கணினியும் கூடத்து மின்விசிறியும் சேர்ந்து ஓடினால் நண்பகலைத் தாண்டாது. வெயிலோ காற்றே இல்லாத வெயில். மருமகள் தான் எழுதிக்கொண்டிருந்த என் அறையின் விசிறியை முதலிலேயே நிறுத்திவிட்டிருந்தாள். சிறிது நேரத்தில் கூடத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“இந்த ஃபேன அமத்துங்க. எனக்குக் காத்து வேணாம். அந்தப் பொட்டிக்குக் குடுங்க.”

“வேண்டாம் அத்தை, உங்களுக்கு வேர்க்கும்,” என்று மருமகள் ஓடி வந்தாள்.

“வேர்த்தா என்ன, கரைஞ்சா போயிருவேன்? நீ போயி அங்கன உக்காரு ஆத்தா. எந்திரிச்சு எந்திரிச்சு வராத.”

விசிறியை நிறுத்தினேன். சுவரில் பழைய நாட்காட்டியின் அட்டை ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மனைவியின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வீசத் தொடங்கினேன். அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணமாகி நாப்பத்தி நாலு வருசம். இன்னைக்குத்தான் இந்தப் பக்கமிருந்து காத்து வருது.”

“பேசாம இரு.”

“கொஞ்சம் கீழாக்க வீசுங்க. கழுத்துல படட்டும்.”

அறைக்குள் விசைகளின் ஒலி நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. கை மாற்றி மாற்றி வீசினேன். மூன்று மணி அளவில் என் மனைவி உறங்கிவிட்டாள். அதன் பிறகும் நான் நிறுத்தவில்லை. மின்சாரம் வந்தபோது மடிக்கணினியும் இணைப்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவள் நிரலை அனுப்பினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை காணொளியில் பேசுகிறோம் என்று பதில் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் அறையை அவளுக்காக ஒழித்துக் கொடுத்தேன். கதவைச் சற்றே திறந்து வைக்கும்படி என் மனைவிதான் சொன்னாள். கூடத்தில் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அங்கே நடந்தது ஆங்கிலத்தில். நான் என் மனைவிக்குச் சொன்னபடியே தமிழில் இங்கே தருகிறேன். கேள்வி கேட்டவர் ஒரு பெண்மணி. முதல் கால் மணி நேரம் நிரலைப் பற்றியே கேட்டார். மருமகள் தயங்காமல் விடை சொன்னாள். பிறகு அவர் சொன்னார்:

“உங்கள் பில்ட் கோப்பின் முதல் வரியில், இரண்டு சாய்கோடுகளுக்குப் பின்னால் ஏதோ ஓர் எழுத்து இருக்கிறது. கோப்பு கெட்டுப்போய் வந்ததா?”

“இல்லை. அது எங்கள் எழுத்து. எதை எழுதத் தொடங்கினாலும் மேலே அதை இடுவோம். இந்தத் திட்டத்தை அமைத்துக் கொடுத்தவர் என் மாமனார், அவர் இட்டது. கம்பைலர் அதையும் நிரல் என்று எண்ணி நின்றுவிட்டது. அதனால் முன்னால் இரண்டு கோடு போட்டுக் குறிப்பாக மாற்றிவிட்டேன். இப்போது அது கம்பைலரின் கண்ணில் படாது.”

“அழித்திருக்கலாமே?”

“அழித்திருக்கலாம். ஆனால் அவர் எனக்காகப் போட்டது.”

அன்று ஒரே விசையை இரண்டு முறை தட்டிய ஒலி அப்போது என் நினைவில் மீண்டும் கேட்டது. கேள்விக்குறி எதைக் குறித்தது என்பதும், ஜாவாவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதும், அவள் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டாள் என்பதும் ஒருசேர விளங்கின. நல்லவேளை மாத்துனீங்க என்று எனக்காக அவள் ஒரு பொய்யைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதை நான் பேருந்து நிறுத்தம் வரை கொண்டு போயிருக்கிறேன்.

“என்ன கேக்குறாக? ஏன் மூஞ்சி இப்பிடிப் போகுது? வேலை இல்லைன்னுட்டாகளா?” என்று என் மனைவி இடக்கையால் என் கையைப் பற்றினாள்.

“அது இல்ல. என்னப் பத்தி.” சொல்லத் தொடங்கினேன். சுழியைப் பற்றிச் சொல்லி முடிக்கும் முன்பே அவள் தலையை அசைத்தாள்.

“அதுவா? அது எனக்கு அன்னைக்கே தெரியும். மாமாகிட்டச் சொல்லிராதீக அத்தை, மனசு சங்கடப்படுவாகன்னு சொன்னா. நானும் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். இந்த வாய ஒரு வாரம் கட்டுறது லேசா?” பின்பு, உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பிள்ளையாரவே கம்ப்யூட்டருகிட்ட மாட்டி விட்டுட்டீகளே,” என்று சிரித்தாள். அவள் வாயின் வலப்பக்கம் இன்னும் சரியாகத் திறப்பதில்லை. இடப்பக்கமாகவே வெகுநேரம் சிரித்தாள். என்னாலும் அடக்க முடியவில்லை.

இரண்டு நாளில் தொலைபேசியில் கூப்பிட்டு, வேலை உறுதி என்றார்கள். மருமகள் வந்து முதலில் அத்தையைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் முன் வந்து நின்றாள். உட்காரும்மா என்றேன். அவள் தயங்கி, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அந்த ஜாவா விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று தொடங்கினேன்.

“விடுங்க மாமா. ஸ்காலாவே தெரியாம ஒரே காலையில இவ்வளவு ஏத்தி வச்சீங்க. அந்த ஒரு எழுத்துதான.”

“ஆறு வருசத்துக்கு முந்தி நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கணும்,” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவள் குனிந்துகொண்டு, சரி மாமா என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவளுக்குப் போதுமா என்று நான் சொல்ல இயலாது.

மறுநாள் காலை நடையில் வங்கி அதிகாரி என்னை நிறுத்தினார். தம் பேத்தியின் மடிக்கணினியிலும் அதே போல் அமைத்துத் தர வேண்டும் என்றார். ஐந்து பேர் சூழ நின்றார்கள். நான் அமைத்தது பிழை என்றும், அதைத் திருத்தியவர் என் மருமகள் என்றும், ஜாவாவைப் பற்றி நான் விளக்கியதற்கும் நடந்ததற்கும் தொடர்பில்லை என்றும், ஐயம் இருந்தால் அவரிடமே கேட்கலாம் என்றும் தெளிவாகச் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சாருக்கு எப்பவுமே தன்னப் பத்திச் சொல்லிக்கிறது பிடிக்காது,” என்றார் வங்கி அதிகாரி. மற்றவர்கள் ஆமோதித்தார்கள். அன்றிலிருந்து என் மதிப்பு இன்னும் கூடியிருப்பதாகத் தெரிகிறது.

என் மேசையையும் புத்தகங்களையும் கூடத்துக்கு மாற்றிக்கொண்டேன். அவள் வேலையில் சேர்ந்த நாள் காலை, காப்பியை எடுத்துப் போய் அறைக் கதவைத் தட்டினேன்.

“உங்க ரூமுக்கு நீங்களே தட்டுவீங்களா மாமா? உள்ள வாங்க.”

“வேலை நேரம். தட்டித்தான் வரணும்.”

புதிய அலுவலகத்து வேலைக்குக் கை பழக, ஒரு சிறு திட்டத்தைத் தனியே தொடங்கப் போவதாகச் சொன்னாள். திரையில் பில்ட் கோப்பு திறந்திருந்தது. முதல் வரியில் இரண்டு சாய்கோடுகள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு அப்பால் வெற்றிடம். விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினாள்.

“போடுங்க.”

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கோடுகளுக்குப் பின்னால்தான் இருக்கிறேனா என்று இருமுறை பார்த்து, ‘உ’ இட்டேன். இம்முறை எழுத்து சாம்பல் நிறத்தில் நின்றது. அவள் ஏற்றும் பொத்தானை அழுத்தினாள். திரையின் அடியில் கோடு நகர்வதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இன்னைக்காவது ஓடுச்சா?” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

ஓடிவிட்டது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.